பட்டு மாதிரி ஓடுகிறது

மார்ச் 3

சின்னதுக்கு,

முதலில் 'அன்புள்ள' என்று போட்டேன். பிறகு அடித்துவிட்டேன். பார்த்ததும், "இவனுக்கு என்ன காரியம் ஆகணும்?" என்றுதான் கேட்பாய். காரியம் ஆகத்தான் வேண்டும். ஒளிக்கவில்லை.

போன வருஷம் பட்டறையை விட்டுப் போனபோது என் நம்பரைத் தடுத்து வைத்தாய். இன்னும் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் தபால். ஒருவிதத்தில் இதுவே நல்லது. போனில் பேசினால் முதலில் நீ கத்துவாய், பிறகு நான் கத்துவேன், கடைசியில் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். நம்பரைத் திறந்தாலும் தயவுசெய்து கூப்பிடாதே. எழுது.

விஷயம் இதுதான். போன வருஷப் பந்தயத்தில் நம் காரின் எஞ்சினில் கீழ்ப்பாதி போனது, மேலே நீ வேலை செய்த ஹெட் மட்டும் தப்பித்தது. கீழ்ப்பாதியைப் புதிதாகக் கட்டிவிட்டேன். இப்போது ஒரு பெரிய கேம் ஷாஃப்ட் ஜோடி வாங்கியிருக்கிறேன். வால்வை இன்னும் ஆழமாகத் திறக்கும், இன்னும் அதிக நேரம் திறந்து வைத்திருக்கும். கூடவே அவற்றைச் சுழற்ற, கனமான டைமிங் செயின். மே மாதப் பந்தயத்தில் இந்த வண்டி வேறு வண்டியாக இருக்கும். பெட்டியைத் திறந்ததும் உன் அண்ணி வந்து பார்த்துவிட்டு, "சக்களத்திக்கு நகை வாங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அந்த ஹெட்டில் வால்வு இடைவெளி எவ்வளவு வைத்திருந்தாய்? இன்டேக் எவ்வளவு, எக்ஸாஸ்ட் எவ்வளவு? ரெண்டு எண். கார்டிலேயே எழுதலாம்.

அண்ணன்

---

மார்ச் 9

அண்ணா,

உன் கடிதத்தை ரெண்டு நாள் மேஜையில் கவிழ்த்துப் போட்டு வைத்திருந்தேன். இங்கே நான் ஜெனரேட்டர் எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுகிறேன். யாரும் என்னைச் 'சின்னது' என்று கூப்பிடுவதில்லை. எஞ்சின் உடைந்தால், "உன் கட்டுமானம் அவ்வளவுதான்" என்று பத்துப் பேர் முன்னால் சொல்வதுமில்லை. நிம்மதியாக இருந்தேன்.

ரெண்டு எண் கேட்கிறாய். அந்த எண்கள் பழைய கேமுக்கானவை. புதுக் கேமுக்கு அதைச் செய்தவர்கள் தாளில் கொடுத்திருப்பார்கள். அந்தத் தாளைப் பெட்டியோடு குப்பையில் போட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். போய் எடு.

இனி நான் சொல்வதை, நின்றுகொண்டு இல்லை, உட்கார்ந்து படி. பெரிய கேம் போட்டால் பழைய வால்வு ஸ்பிரிங் தாங்காது. வேகத்தில் வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து முட்டும். ஸ்பிரிங்குகளை மாற்று. புதுச் செயின் போடும்போது அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும், அது உரசி ஓடும் பிளாஸ்டிக் கைடுகளையும் மாற்று. பழைய டென்ஷனரில் புதுச் செயினைப் போடுவது, இற்றுப்போன கயிற்றில் புது வாளியைக் கட்டுகிற மாதிரி. பிள்ளைகள் பொம்மை செய்கிற களிமண்ணைப் பிஸ்டன் தலையில் கொஞ்சம் அப்பி, எல்லாவற்றையும் மாட்டி, கையாலேயே எஞ்சினை ரெண்டு முழுச் சுற்று சுற்று. பிறகு கழற்றி, நசுங்கிய களிமண் எவ்வளவு தடிமன் என்று அள. அதுதான் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடம். அது போதாவிட்டால் ஸ்டார்ட்டே பண்ணாதே. செயினில் வேறு நிறத்தில் இருக்கும் கண்ணிகள், பல்சக்கரத்தில் உள்ள குறிகளுக்கு நேராக உட்கார வேண்டும். ஒரு பல் தள்ளினாலும் கதை முடிந்தது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. அன்றைக்கும் இப்படித்தான். வண்டிக்குப் பின்னால் நீலப்புகை வந்ததும், "நிறுத்து, உள்ளே வா" என்று ரேடியோவில் தொண்டை கிழியக் கத்தினேன். நீ ஓட்டிக்கொண்டே இருந்தாய். எஞ்சின் வெடித்த பிறகு எல்லார் முன்னாலும் என்னிடம், "நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

தங்கை

---

மார்ச் 16

சின்னதுக்கு (இதை மாற்ற முடியாது, பழகிவிட்டது),

உன் கடிதம் வருவதற்குள் மாட்டி முடித்துவிட்டேன். கோபப்படாதே. முழுக்கப் படி.

தாளைக் குப்பையிலிருந்து எடுத்தேன். நீ சொன்னதற்காக இல்லை, நானாகவே எடுத்தேன். கேம் மூடிகளின் போல்ட்டுகளை வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, வரிசை மாறாமல் அடுக்கி வைத்தேன். புதுக் கேம்களில் எண்ணெய் தாராளமாகப் பூசி உட்கார வைத்தேன். நிறக் கண்ணிகள் குறிகளுக்கு நேராக இருக்கின்றன. கையால் ரெண்டு சுற்று சுற்றினேன், எதுவும் முட்டவில்லை. களிமண் விளையாட்டு விளையாட எனக்கு நேரமில்லை. டென்ஷனரைக் கழற்றி, துடைத்து, அமுக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. கைடுகளில் லேசாகக் கோடு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங் பிறகு பார்க்கலாம், முதலில் ஓடட்டும் என்று விட்டேன்.

ஸ்டார்ட் பண்ணினேன். பட்டு மாதிரி ஓடுகிறது. பொய் இல்லை. அவ்வளவு பெரிய கேம் போட்டும் ஒரு முனகல் இல்லை.

அந்தப் பந்தயத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். நானும் எழுதுகிறேன். ரேடியோவில் எதுவும் வரவில்லை. ஒரு வார்த்தை வரவில்லை. ரேடியோ செத்திருந்தது. நீ கத்தினாய் என்று சொல்கிறாய், சரி, கத்தியிருக்கலாம். எனக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், என் தங்கை ஓடுதளச் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தாள், என் எஞ்சின் சிதறியது. அப்புறம் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பட்டறையில் உன் கோட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது. எடுத்துப் போட ஆளில்லாமல் தொங்குகிறது, வேறு காரணம் இல்லை.

ஏப்ரல் 5 அன்று பந்தய ஓடுதளத்தில் ஒத்திகை. முழு வேகத்தில் விட்டுப் பார்க்கப் போகிறேன்.

அண்ணன்

---

மார்ச் 21

அண்ணா,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழைய டென்ஷனர் என்று படித்ததும், ஒரு வருஷத்துக்குப் பிறகு உன் நம்பரைத் திறந்து கூப்பிட்டேன். எடுத்தாய். நம் பேச்சை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துப் பார்.

"அண்ணா, டென்ஷனர உடனே மாத்து. புதுசு வாங்கிட்டியா?"

"நல்லா இருக்கா. உள்ள துணி மடிச்சிட்டு இருக்கா."

"அண்ணியக் கேக்கல. டென்ஷனர்! டென்ஷனர்!"

"சரி சரி, சொல்லிடறேன்."

வைத்துவிட்டாய்.

ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டவளிடம் இப்படியா பேசுவது? என்னைக் கிண்டல் செய்ய வேறு நேரம் கிடைக்கவில்லையா? கையில் இருந்த ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். அது பக்கத்து மேஜைக்காரர் மதியச் சாப்பாட்டில் போய் விழுந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டது வேறு கதை.

சாயங்காலம் அண்ணி கூப்பிட்டாள். "நீயாவது சொல்லேன். சக்களத்திய ஸ்டார்ட் பண்ணா, தகரடப்பாவுல ஆணியப் போட்டு உலுக்கற மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டுக் குழந்த அலறி எழுந்திருக்குது. உங்க அண்ணன் பக்கத்துலயே நின்னு சிரிச்சிட்டு இருக்காரு" என்றாள்.

அதுதான் நீ சொன்ன பட்டா? அது செயின் தளர்ந்து கவரின் உள்பக்கம் அடிக்கிற சத்தம். டென்ஷனர் இழுத்துப் பிடிக்கவில்லை. முழு வேகத்தில் செயின் ஒரு பல் தாண்டினால் அத்தனை வால்வும் வளைந்து, எஞ்சின் நின்று, பின்சக்கரம் இறுகி, வண்டி நீ நினைக்காத பக்கம் திரும்பும். எனக்காக வேண்டாம், அண்ணிக்காகவாவது பொய் சொல்வதை நிறுத்து. சாவியைத் தொடாதே.

தங்கை

---

மார்ச் 25

நீயும் உன் அண்ணியும் சேர்ந்துகொண்டீர்கள். நல்லது.

நான் பொய் சொல்லவில்லை. சத்தம் இல்லை. இருந்தால் எனக்குத் தெரியாதா? ஊரில் பாதிப் பேர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "கேட்டுச் சொல்லுங்க" என்று என்னிடம்தான் நிற்பார்கள். நேற்று உன் கடிதம் வந்ததும் மறுபடி ஓட விட்டு, கவர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒரு நடுக்கமும் இல்லை. உன் அண்ணிக்குத் துணி துவைக்கும் மெஷின் ஓடினாலும் சத்தம்தான். அவள் சாட்சி எடுபடாது.

போனில் நான் கிண்டல் செய்யவில்லை. நீ அண்ணி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய், பதில் சொன்னேன். அதற்கும் சண்டையா? கூப்பிடாதே என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன்.

ஐந்தாம் தேதி ஒத்திகை நடக்கும். இனி இதைப் பற்றி எழுதாதே.

---

மார்ச் 28
கூரியரில்

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழிக்காமல் படி.

உன் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. கவர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாயாம். நீ எப்போதிலிருந்து எஞ்சினைக் கையால் பார்க்கிறாய்? நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்கிறவன் நீ. பட்டறையில் யாராவது அப்போது மூச்சு விட்டால் கூடத் திட்டுவாய்.

அப்புறம் அந்தப் போன் பேச்சைத் திரும்ப யோசித்தேன். நான் கேட்டது ஒன்று, நீ சொன்னது வேறொன்று. கிண்டல் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். அப்படியானால், என் குரல் வந்தது, வார்த்தை வரவில்லை. என்ன கேட்டிருப்பேன் என்று நீயே யூகித்துப் பதில் சொல்லியிருக்கிறாய்.

அண்ணியைக் கூப்பிட்டு விசாரித்தேன். வாசல் மணி அடித்தால் நீ எழுவதில்லையாம். டிவியில் கீழே எழுத்து ஓடினால்தான் பார்க்கிறாயாம். பேசும்போது அவள் வாயையே பார்க்கிறாயாம். "நான் சொல்றத அவரு காதுல வாங்கறதே இல்ல. எல்லாப் புருஷனும் அப்படித்தானேன்னு விட்டுட்டேன்" என்றாள்.

அண்ணா, உனக்குக் காது கேட்கவில்லை. இத்தனை வருஷம் சைலன்சர் இல்லாத எஞ்சின்களுக்கு நடுவே நின்றவன் நீ. காதில் எதையாவது அடைத்துக்கொள் என்று சொன்னால், "அப்புறம் எஞ்சின் பேசறது எப்படிக் கேக்கும்?" என்பாய்.

இன்னொன்று. அன்றைய பந்தயம் முடிந்ததும் அந்த ரேடியோவை நான் எடுத்துச் சோதித்தேன். நன்றாக வேலை செய்தது. அதனால்தான் நீ பொய் சொல்கிறாய் என்று முடிவு செய்து கிளம்பினேன். இத்தனை நாளும் ஒரு பொய்யன் மேல் கோபமாக இருந்தேன். இப்போது அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

சாவியை அண்ணியிடம் கொடு. நான் வருகிறேன். ஸ்பிரிங், டென்ஷனர், கைடு எல்லாம் இங்கேயே வாங்கிக்கொண்டு வருகிறேன்.

தங்கை

---

ஏப்ரல் 1

சின்னது,

கிழிக்கத்தான் எடுத்தேன். கிழிக்கவில்லை.

நேராகப் பட்டறைக்குப் போனேன், உன்னைப் பொய்யாக்குவதற்கு. எஞ்சினை ஓட விட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியைச் செயின் கவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தேன். வலது காதில் ஒன்றுமில்லை. இடது காதில் தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஏதோ இருந்தது. பட்டு என்று நான் எழுதியது அந்த மழையைத்தான். பிறகு என்ன தோன்றியதோ, கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

மண்டைக்குள் கேட்டது. பல் வழியாக ஏறி, தாடை வழியாக வந்தது. உன் அண்ணி சொன்ன அதே தகரடப்பா, அதே ஆணி. உடனே சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, கீழே பலகையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் தேதி நான் அதைத்தான் முழு வேகத்தில் விட இருந்தேன்.

கொஞ்ச நாளாகவே தெரியும். எவ்வளவு நாள் என்று கேட்காதே. முதலில் பறவைச் சத்தம் போனது, அதை யாரும் கவனிப்பதில்லை. அப்புறம் பெண்கள் குரல். போனில் யாராவது பேசினால் பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். பந்தய உரிமத்துக்கு வருஷா வருஷம் டாக்டர் பார்ப்பாரே, அவர் பின்னால் நின்று கிசுகிசுப்பார். எதிரே அலமாரிக் கண்ணாடியில் அவர் வாயைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். கேட்காது என்று தெரிந்தால் உரிமம் போகும். வண்டியைக் கொண்டுவந்து, "கேட்டுச் சொல்லுங்க" என்கிறவர்களும் போவார்கள். அப்புறம் நான் என்ன செய்வேன்?

அன்றைக்கு ரேடியோவில் கொசு பறக்கிற மாதிரி ஒன்று வந்தது. அது நீதான். ரேடியோ செத்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளாக ஆக அதையே நம்பிவிட்டேன். ஆனால் எல்லார் முன்னாலும் உன் கட்டுமானத்தைச் சொன்னேனே, அதற்குக் காதைக் காரணம் சொல்ல முடியாது. அது வாய் செய்த வேலை.

சாவி உன் அண்ணியிடம் இருக்கிறது. சமையலறை டப்பா எதிலோ ஒளித்துவிட்டாள், எதில் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஒத்திகையை ரத்து செய்துவிட்டேன். வா.

அண்ணன்

---

ஏப்ரல் 24

அண்ணா,

திரும்பி என் ஊருக்கு வந்து சேர்ந்தேன். முதுகு இன்னும் நிமிரவில்லை. உன்னோடு சேர்ந்து வேலை செய்வதைவிட ஜெனரேட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு படி ஏறலாம். ஸ்பேனரைக் கேட்டால் அறிவுரை கொடுக்கிறாய். நான் நிறக் கண்ணியைக் குறியில் உட்கார வைத்து முடித்த பிறகு, "பாத்து உக்கார வை" என்கிறாய். பதில் சொன்னால், "என்ன?" என்கிறாய்.

ஆனால் நீயும் பார்த்தாய். ஒரு கைடு ரெண்டாக உடைந்து, அதன் துண்டு அடித்தொட்டி எண்ணெயில் கிடந்தது. கவரின் உள்பக்கத்தைச் செயின் அரம் போட்ட மாதிரி அறுத்திருந்தது. களிமண் விளையாட்டுக்கு நேரமில்லை என்றாயே, எக்ஸாஸ்ட் பக்கம் அது நகக்கனத்துக்கு நசுங்கிப்போயிருந்ததைப் பார்த்ததும் நீயே ஸ்பேனரை எடுத்தாய். கேமைக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி அளந்து, மறுபடி களிமண் அப்பி, அன்று முழுக்க அதுவே வேலையானது. இப்போது இடம் போதும். புது ஸ்பிரிங் எந்த வேகத்திலும் தாங்கும். இனி நீ எழுதினால் நம்புவேன், ஆனால் அண்ணியிடமும் கேட்டுக்கொள்வேன்.

ரெண்டு விஷயம் பாக்கி. டாக்டர் கொடுத்த காதுக் கருவியை மேஜை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறாயாம். அது டிராயருக்குக் கேட்பதற்காகச் செய்ததில்லை. மாட்டு.

அடுத்தது பந்தயம். அதிகாரிகளுக்கு நீயே எழுது. எனக்குக் காது கேட்காது, ஹெல்மெட்டுக்குள் கருவியும் போட முடியாது, என்ன வழி என்று கேள். ரேடியோவுக்குப் பதில் உன் கண்ணெதிரே ஒரு சிவப்பு விளக்கும், சுவரோரம் என் கையில் ஒரு பொத்தானும் வைக்கலாம். எரிந்தால் உள்ளே வர வேண்டும். அவர்கள் சோதித்துப் பார்த்துச் சம்மதித்தால் ஓட்டு. முடியாது என்றால் இறங்கு. நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன். விளக்கு எரிந்தால் ஏன், எதற்கு என்று யோசிக்கக்கூடாது. அதை மட்டும் இப்போதே ஒத்துக்கொள்.

பதில் போடு.

தங்கை

(என் கோட்டைத் துவைத்து அனுப்பு. கழுத்தில் சிலந்தி குடியிருக்கிறது.)

---

மே 22

சின்னது,

அன்று ஓடுதளத்தில் உன்னோடு பேசியிருந்தால் சண்டையாகியிருக்கும். அதனால் ஊருக்கு வந்து, ஆறி, எழுதுகிறேன். இன்னும் முழுக்க ஆறவில்லை.

அதிகாரிகள் சம்மதித்ததே பெரிய விஷயம். என்னைக் காரில் உட்கார வைத்து, சொல்லாமல் கொள்ளாமல் விளக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். தேறினேன். அந்தக் கேம் எப்படி இழுத்தது தெரியுமா? வளைவு முடிந்து நேரான பாதையில் மிதித்ததும் யாரோ பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி. நான் ரெண்டாம் இடத்தில் இருந்தேன். முதல் வண்டியின் பின்விளக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. அடுத்த வளைவில் தாண்டியிருப்பேன்.

விளக்கு எரிந்தது.

நிறுத்தினேன். திட்டிக்கொண்டேதான், ஆனால் நிறுத்தினேன். உள்ளே வந்தேன், ரெண்டு பேரும் பானெட்டைத் திறந்தோம். எண்ணெய் அழுத்தம் சரி, செயின் சரி, ஸ்பிரிங் சரி. எஞ்சினில் ஒரு துளி கசிவு இல்லை. எல்லாரும் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். நீ நீலப்புகையைப் பார்த்தேன் என்றாய். புகை இருந்தது, உண்மைதான். எனக்குப் பின்னால் வந்த வெள்ளைக் காரிலிருந்து வந்தது. சுவரோரம் நின்ற அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். உன் அண்ணி பார்த்திருக்கிறாள், அவளுக்கு எது முன்சக்கரம் என்றே தெரியாது. உனக்கு மட்டும் வெள்ளைக் காரும் நம் சிவப்புக் காரும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

பட்டறையில் வேலை செய்த நாட்களை யோசித்துப் பார்த்தேன். கடிகாரம் எதிர்ச்சுவரில் தொங்க, "மணி என்ன?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். வேலை மும்முரம் என்று நினைத்தேன். பஸ் நிலையத்தில் பலகையைப் படிக்காமல் ஓட்டுநரிடம் போய்ப் போய்க் கேட்டாய். உனக்கு மனிதர்களிடம் பேசப் பிடிக்கிறது என்று நினைத்தேன். கேட்காத காதை எனக்கும் தெரியாத கண்ணை உனக்குமாகப் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் அப்பாவும் அம்மாவும்.

கருவியை மாட்டியிருக்கிறேன். உன் அண்ணி பேசுவது எல்லாம் கேட்கிறது. எல்லாம் என்றால் எல்லாம். எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் இவ்வளவு நடந்திருக்கிறது.

ஆகஸ்டில் அடுத்த பந்தயம். பொத்தான் உன் கையில்தான். வேறு யார் அழுத்தினாலும் நான் ஏன் என்று கேட்பேன். அதனால் உன் ஊரில் கண் டாக்டர் ஒருவரிடம் வரும் வெள்ளிக்கிழமை உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். போனில்தான் வாங்கினேன், ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. போ. சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையை உனக்கு முன்னால் போகிறவரிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளாதே. அந்த மாதிரி வேலையெல்லாம் நான் பார்த்தாயிற்று.

அன்புள்ள
அண்ணன்